விரல் ரேகையும் வரப்போகும் கணினியும்

(தருமபுரியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் வரலாறு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்குகிறது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் எடுத்த முயற்சி அது. கடன் கொடுக்க முன்வந்தது இந்தியன் வங்கி. குழுவின் பணத்துக்கு அன்று காவலாக இருந்தவை ஒரு பெட்டி, அதன் சாவி, வரவு செலவு எழுதிய நோட்டு, தீர்மானப் புத்தகத்தில் உறுப்பினர்கள் இட்ட கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் மை தொட்டுக் கைநாட்டு வைத்தார்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 24 அன்று, கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம்களை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதே மாவட்டத்தின் தொப்பூரில் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 15-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்குகளில் மாதம் 1,000 ரூபாய் சேரத் தொடங்கியது. பெட்டியும் இல்லை, நோட்டும் இல்லை. பணம் எண்களாகப் புறப்பட்டு எண்களாகவே வந்து சேர்கிறது. வழியில் அதற்குக் காவல் இருப்பது கணிதம்.

அந்தக் கணிதத்தின் ஒரு முக்கியமான பகுதி, போதிய திறனுள்ள குவாண்டம் கணினி வரும் நாளில் செல்லாமல் போகும். மும்பையின் பெரிய வங்கிகளும் பங்குச் சந்தைகளும் பட வேண்டிய கவலை இது என்றுதான் பொதுவாகப் பேசப்படுகிறது. இம்மாவட்டத்தின் அரூரிலும் பென்னாகரத்திலும் விரல் வைத்துப் பணம் எடுக்கும் மக்களுக்கே இதில் இழப்பதற்கு அதிகம் இருக்கிறது என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் வாதம். பெரிய வங்கியின் ரகசியம் பெரும்பாலும் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். விரல் ரேகை ஆயுளுக்கும் மாறாது.

விரல் வைத்த பிறகு

ஒரு கிராமத்து வங்கி முகவரின் மேசை. முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒரு மூதாட்டி ஆதார் எண்ணைச் சொல்கிறார், வங்கியின் பெயரைச் சொல்கிறார், வேண்டிய தொகையைச் சொல்கிறார். முகவர் காட்டும் சிறு கருவியின் கண்ணாடியில் விரலை வைக்கிறார். வயல் வேலையில் தேய்ந்த விரல் என்பதால் முதல் முறை பதியவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். சில நொடிகளில் ரசீது வருகிறது. ஆதார் வழிப் பணப் பட்டுவாடா முறையில் இப்படி ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். 2018 செப்டம்பரில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வந்த பிறகு தபால்காரரே கருவியோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்.

அந்தச் சில நொடிகளில் நடப்பதைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். கருவி முதலில் ரேகையின் தகவலை ஒரு பொட்டலமாக்குகிறது. அந்த ஒரு தடவைக்கு மட்டும் பயன்படும் 256 பிட் சாவியைத் தானே உருவாக்கி, ஏஇஎஸ் என்னும் முறையில் பொட்டலத்தைப் பூட்டுகிறது. ஆதார் ஆணையம் பொட்டலத்தைத் திறக்க வேண்டுமானால் அந்தச் சாவியும் கூடவே போக வேண்டும். வெறுமனே அனுப்பினால் வழியில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, பூட்ட மட்டுமே பயன்படும் ஆணையத்தின் பொதுச் சாவியைக் கொண்டு அதையும் பூட்டி அனுப்புகிறது. இந்த இரண்டாவது பூட்டு 2048 பிட் ஆர்எஸ்ஏ. இரண்டும் சேர்ந்து வங்கி வழியாக, தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் வழியாக, ஆணையத்தின் கணினிக்குப் போகின்றன. அங்கே திறந்து ஒப்பிட்டு, ஆம் அல்லது இல்லை என்று ஒரே பதில் திரும்புகிறது.

உள்பூட்டான ஏஇஎஸ் உறுதியானது. 1996-இல் லவ் குரோவர் கண்டுபிடித்த குவாண்டம் வழிமுறை அதன் வலிமையைக் குறைக்குமே தவிர, 256 பிட் சாவியை உடைக்கும் அளவுக்குக் குறைக்காது. குவாண்டம் கணினி எல்லாப் பூட்டையும் உடைத்துவிடும் என்று சொல்வது மிகை. அது உடைக்கக்கூடியது சாவியைப் பூட்டியிருக்கும் வெளிப்பூட்டை. சாவி கைக்கு வந்தபின் உள்பூட்டின் உறுதியால் பயன் என்ன?

ஏழு, நான்கு, பதின்மூன்று, ஒன்று

ஆர்எஸ்ஏ பூட்டை 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அமைத்தார்கள். 89-ஐயும் 97-ஐயும் பெருக்கினால் 8633 என்று பள்ளி மாணவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். 8633 எந்த இரு பகா எண்களின் பெருக்கம் என்று கேட்டால் தாள் நிரம்பக் கணக்குப் போட வேண்டும். 2048 பிட் ஆர்எஸ்ஏயில் இருப்பது 617 இலக்க எண். அதன் இரு காரணிகளைத் தெரிந்தவர் பூட்டைத் திறப்பார்; தெரியாதவர் தேடிக்கொண்டே இருப்பார்.

அதே ஆண்டு சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 129 இலக்க எண் ஒன்று சவாலாக வெளியிடப்பட்டது. அதைப் பிரிக்கக் கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்று அப்போது கணக்கிட்டார்கள். 1994 ஏப்ரலில், இணையத்தில் சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் அதைப் பிரித்துவிட்டன. 17 ஆண்டுதான். கணினிகள் வேகமாயின, வழிமுறைகளும் மேம்பட்டன. அதன்பின் எண்ணின் நீளத்தைக் கூட்டிக்கூட்டித் தப்பித்தார்கள். 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்க, ஒரு கணினிக் கரு 2,700 ஆண்டு வேலை செய்வதற்கு ஈடான உழைப்பு தேவைப்பட்டது. 617 இலக்கத்தைத் தொடச் சாதாரணக் கணினிகளால் ஆகாது.

அதே 1994-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பீட்டர் ஷோர் வேறொரு வழி கண்டார். காரணிகளை நேராகத் தேடாமல், எண்களுக்குள் ஒளிந்திருக்கும் சுழற்சியைத் தேடும் வழி அது. 15 என்ற சிறிய எண்ணில் அதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 7-ஐத் திரும்பத் திரும்ப 7-ஆல் பெருக்கி, ஒவ்வொரு முறையும் 15-ஆல் வகுத்து, மீதியை மட்டும் எழுதிக்கொண்டே போனால் 7, 4, 13, 1 என்று வரும். அடுத்தது மறுபடியும் 7. நான்கு படிக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. அந்த நான்கில் பாதி, அதாவது இரண்டாவது படியில் இருப்பது 4. அதில் ஒன்றைக் கழித்தால் 3, ஒன்றைக் கூட்டினால் 5. 15-இன் காரணிகள் இவைதாம்.

617 இலக்க எண்ணில் இந்தச் சுழற்சி எத்தனை படிகளுக்குப் பிறகு திரும்பும் என்று கண்டுபிடிக்கச் சாதாரணக் கணினிக்கு வழியில்லை. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான கியூபிட்டுகள் பல நிலைகளின் மேற்படிவாக இருக்கக்கூடியவை. அவற்றை அலைகளைப் போல ஒன்றோடொன்று குறுக்கிட வைத்தால், தவறான விடைகள் தம்முள் அழிந்து சுழற்சியின் நீளம் மேலெழுந்து நிற்கும். ஷோர் காட்டிய நுட்பம் அதுதான். 2001-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 7 கியூபிட்டுகளைக் கொண்டு 15-ஐ 3, 5 என்று பிரித்தும் காட்டினார்கள். வங்கிகளும் கைப்பேசிகளும் பயன்படுத்தும் நீள்வட்ட வளைவு முறைப் பூட்டும் ஷோரின் வழிமுறைக்குத் தாங்காது.

எப்போது வரும்?

நாள் குறித்துச் சொல்ல யாராலும் ஆகாது. கணக்கு எந்தத் திசையில் நகர்கிறது என்று மட்டும் சொல்லலாம். 2048 பிட் ஆர்எஸ்ஏயை உடைக்க 2 கோடி கியூபிட்டுகளும் 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019-இல் கூகுளின் கிரெய்க் கிட்னியும் ஸ்வீடனின் மார்ட்டின் எகெரோவும் கணக்கிட்டார்கள். 2025 மே மாதம் கிட்னியே அதைத் திருத்தினார்: 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகள், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் தேவை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மறுபக்கம், 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சில்லில் இருப்பவை 105 கியூபிட்டுகள். நூறுக்கும் பத்து லட்சத்துக்கும் இடையே கடக்க வேண்டிய தூரம் பெரிது. நாளைக்கே நடந்துவிடும் என்று பயமுறுத்துவது பிழை. நம் காலத்தில் நடக்காது என்று உட்கார்ந்திருப்பதும் பிழை.

எவ்வளவு அவசரம் என்பதை அளக்கக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் மிக்கேலே மோஸ்கா எளிய கூட்டல் ஒன்றைத் தந்தார். ஒரு தகவல் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும்? பூட்டுகளை மாற்றி முடிக்க எத்தனை ஆண்டு ஆகும்? இரண்டையும் கூட்டி வரும் தொகை, குவாண்டம் கணினி வர ஆகும் காலத்தைவிடப் பெரிதாக இருந்தால் ஆபத்து ஏற்கெனவே தொடங்கிவிட்டது. பூட்டிய தகவலை இன்றே பிரதியெடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, கணினி வந்தபின் திறப்பதை எதுவும் தடுக்காது.

இந்தக் கூட்டலைத் தருமபுரியில் போட்டுப் பார்க்கலாம். அரசு பட்டுக்கூடு அங்காடியில் இன்று கூடு கிலோ என்ன விலைக்குப் போனது என்பது மாலைக்குள் ஊருக்கே தெரியும். விற்றவரின் கணக்கில் ஏறிய தொகையைப் பத்து ஆண்டு கழித்து யாராவது தெரிந்துகொண்டாலும் பெரிய சேதமில்லை. ஏடிஎம் ரகசிய எண் திருடு போனால் வேறு எண் வைத்துக்கொள்ளலாம். கைரேகை அப்படியில்லை. இருபது வயதில் விரல் வைக்கத் தொடங்கும் ஒரு பெண்ணின் ரேகை, அவரது எழுபது வயதிலும் அதே ரேகைதான். மோஸ்காவின் முதல் எண் அவருக்கு ஐம்பது. குவாண்டம் கணினி ஐம்பது ஆண்டுக்குள் வருமானால், இரண்டாவது எண் எதுவாக இருந்தாலும் விடை ஒன்றே.

ஒரு தெளிவு இங்கே அவசியம். ஆதார் சரிபார்ப்புத் தகவல் திறந்த வெளியில் போவதில்லை. அதன் மேல் வேறு காப்புகளும் உண்டு. பிரதியெடுக்க நினைப்பவர் அந்த வழித்தடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். ஆனால் ரேகையின் மதிப்பு குற்றவாளிகளுக்கு ஏற்கெனவே தெரியும். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் பிரதியெடுத்து, போலி விரல் செய்து, ஏழைகளின் கணக்கில் பணம் எடுத்த வழக்குகள் பிற மாநிலங்களில் பதிவாகியுள்ளன. அதற்குக் குவாண்டம் கணினி தேவைப்படவில்லை. காகிதத்திலிருந்து ஒன்றொன்றாகத் திருடியவர்களுக்கு, பூட்டிய தொகுப்புகளை மொத்தமாகத் திறக்கும் வழி கிடைத்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

புதிய பூட்டுகள்

மாற்று வழி கையில் இருக்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2016-இல் உலகக் கணித அறிஞர்களுக்குப் பகிரங்க அழைப்பு விடுத்தது. எட்டு ஆண்டு பரிசோதனைக்குப் பின், 2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்று தரங்களை வெளியிட்டது. சாவியைப் பாதுகாப்பாக அனுப்ப எம்எல்-கெம். மின்கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்எச்-டிஎஸ்ஏ.

முதல் இரண்டும் நிற்கும் அடித்தளத்தைப் பத்தாம் வகுப்பின் ஒருங்கமைச் சமன்பாடுகளிலிருந்து தொடங்கி விளக்கலாம். இரண்டு சமன்பாடு, இரண்டு மாறி என்றால் தீர்வு எளிது. நூற்றுக்கணக்கான மாறிகள் இருந்தாலும் கணினி நொடியில் தீர்க்கும். ஒவ்வொரு சமன்பாட்டின் விடையிலும் ஒன்றோ இரண்டோ வேண்டுமென்றே பிசகவைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. நீக்கல் முறையில் போகப் போக அந்தச் சிறு பிசகுகள் பெருகி உண்மையை மூழ்கடிக்கும். அதில் சுழற்சி ஏதும் ஒளிந்திருக்கவில்லை. ஷோரின் வழிமுறைக்குப் பிடி கிடைப்பதில்லை.

புதிய பூட்டு என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. நிஸ்ட் பரிசீலனையில் வெகுதூரம் முன்னேறியிருந்த சைக் என்ற முறையை, 2022-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் சாதாரணக் கணினியின் ஒரே கருவில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். ஆகவே வங்கிகள் வாங்கும் எந்த அமைப்பும், நாளை பூட்டை மாற்ற நேர்ந்தால் முழுவதையும் பிரிக்காமல் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

உலக நிதித்துறை நகரத் தொடங்கிவிட்டது. பன்னாட்டுத் தீர்வு வங்கி, பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளின் மத்திய வங்கிகளோடு சேர்ந்து பாரிஸுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே குவாண்டத்தைத் தாங்கும் தகவல் தடத்தை 2023-இல் சோதித்தது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் கீழுள்ள எல்லா நிதி நிறுவனங்களுக்கும் எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது. 2048 பிட் ஆர்எஸ்ஏயை 2030-க்குப் பின் கைவிடத் தொடங்கி, 2035-க்குப் பின் அறவே நிறுத்துவது என்பது நிஸ்ட் முன்வைத்துள்ள வரைவு.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களில் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைந்திருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள செட்ஸ் என்ற மின்னணுப் பரிவர்த்தனைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் குவாண்டத்தைத் தாங்கும் குறியாக்கத்தில் பணியாற்றுகிறது. நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், எந்த மென்பொருளில் எந்தக் குறியாக்கம் இருக்கிறது என்று பட்டியலிடும் வழிகாட்டுதலை 2025 ஜூலையில் வெளியிட்டது. ஆதார் ஆணையமும் 2025-இல் 2032-ஐ நோக்கிய தொழில்நுட்பத் திட்டத்துக்கு ஒரு வல்லுநர் குழு அமைத்து, குவாண்டம் கணினியையும் அதன் பரிசீலனையில் சேர்த்திருக்கிறது.

ஒளித்துகள்களைக் கொண்டு சாவி அனுப்பும் குவாண்டம் சாவிப் பகிர்வு பற்றி அதிகம் பேசப்படுகிறது. 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் பிரயாக்ராஜ் - விந்தியாசல் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல் அதைச் செய்து காட்டின. அரிய சாதனை. பெரிய தரவு மையங்களை இணைக்க அது உதவும். ஆனால் அதற்கு இரு முனையிலும் தனிக்கருவியும் நடுவில் கண்ணாடி இழைத் தடமோ தடையற்ற ஒளிப்பாதையோ வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையில் தபால்காரர் கையிலிருக்கும் கருவிக்கு அது வராது. அங்கே வரக்கூடியது மென்பொருளாக இறங்கும் புதிய கணிதம் மட்டுமே.

வரிசையில் தருமபுரி

பூட்டு மாற்றுவது எவ்வளவு நாள் பிடிக்கும் வேலை? பின்புறம் கறுப்புப் பட்டை கொண்ட பழைய ஏடிஎம் அட்டைகளிலிருந்து சில்லு அட்டைக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி 2015-இல் சொன்னது. இறுதிக்கெடு 2018 டிசம்பர் 31. அட்டை என்ற ஒரே பொருளுக்கு மூன்று ஆண்டுக்கு மேல். இப்போது மாற்ற வேண்டியவை அட்டை, கருவி, செயலி, வங்கிகளுக்கு இடையேயான இணைப்பு, ஆணையத்தின் சாவி என்று நீள்கின்றன.

அளவும் ஒரு தடை. 2048 பிட் ஆர்எஸ்ஏ கையொப்பம் 256 பைட்டு. அதற்குப் பதிலாக வரும் எம்எல்-டிஎஸ்ஏவின் நடுத்தர வகைக் கையொப்பம் 3,309 பைட்டு. நகரத்துக் கைப்பேசிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையடிவாரத்தில், சின்னஞ்சிறு நினைவகம் கொண்ட கருவிக்கு இது பொருட்டுதான். பழைய கருவிகள் பலவற்றை மென்பொருளால் மட்டும் சரிசெய்துவிட முடியாமல் போகலாம்; கருவியையே மாற்ற நேரும். அந்தச் செலவு கமிஷனில் பிழைக்கும் முகவரின் தலையில் விழுந்தால், அவர் பழைய கருவியையே முடிந்தவரை ஓட்டுவார்.

கிராமத்து வங்கிகளின் அமைப்பு இன்னொரு காரணம். தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அதியமான் கிராம வங்கி, 2006-இல் வள்ளலார் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் கிராம வங்கியானது. அது 2019 ஏப்ரல் 1 முதல் பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியானது. கிளை அதே தெருவில் இருக்கிறது. அதன் கணக்குகள் ஓடும் கணினி எங்கோ இருக்கிறது. நாடெங்கும் கிராம வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் தங்கள் கணினிச் சேவையை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன.

அதன் விளைவு 2024 ஜூலை 31 அன்று தெரிந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பம் வழங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனம் கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலுக்கு உள்ளானது. தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் முன்னெச்சரிக்கையாக அதன் இணைப்பைத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அன்று யுபிஐயில் பணம் அனுப்பவும் ஏடிஎம்மில் பணம் எடுக்கவும் முடியாமல் நின்றார்கள். அந்த வங்கிகள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவற்றின் பூட்டும் சாவியும் வேறொருவர் கையில் இருந்தன. குவாண்டம் மாற்றத்திலும் இதே நிலைதான்: மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி தானாக எதையும் மாற்ற இயலாது. விற்பனையாளரிடம் கேட்க மட்டுமே முடியும். கேட்காதவருக்குக் கடைசியில்தான் கிடைக்கும்.

கேட்க வேண்டியவை

முதலாவது, பட்டியல். செர்ட்-இன் வழிகாட்டியபடி, எந்தக் கருவியில், எந்த மென்பொருளில், எந்தக் குறியாக்கம் இருக்கிறது என்று எழுத்தில் தரும்படி ஒவ்வொரு கூட்டுறவு வங்கியும் கிராம வங்கியும் தன் விற்பனையாளரைக் கேட்க வேண்டும். முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி கூட்டும் மாவட்ட அளவிலான வங்கியாளர் ஆலோசனைக் குழுவில் கடன் இலக்குகளோடு இதுவும் ஒரு பொருளாக இடம்பெறலாம்.

இரண்டாவது, ஒப்பந்தம். இன்று வாங்கும் கைரேகைக் கருவியும் சிறு ஏடிஎம்மும் பல ஆண்டுகள் உழைக்கும். புதிய தரங்களை ஏற்கக்கூடிய கருவி மட்டுமே வாங்கப்படும் என்று இனி வரும் ஒப்பந்தப் புள்ளிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மூன்றாவது, முன்னுரிமை. பூட்டு மாற்றும் வேலையைப் பணத்தின் அளவைக் கொண்டு வரிசைப்படுத்தினால் சித்தேரியும் ஏரியூரும் கடைசியில் நிற்கும். தகவல் எத்தனை ஆண்டு காக்கப்பட வேண்டும் என்பதை வைத்து வரிசைப்படுத்தினால் விரல் ரேகையைச் சுமந்து போகும் பொட்டலம் முதலில் வரும். ரிசர்வ் வங்கியும் ஆதார் ஆணையமும் இந்த இரண்டாவது வரிசையையே பின்பற்ற வேண்டும்.

இவையெல்லாம் நடக்கும்வரை மக்கள் செய்துகொள்ளக்கூடியதும் ஒன்று உண்டு. ஆதார் செயலியிலும் இணையதளத்திலும் கைரேகையைத் தற்காலிகமாகப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. பணம் எடுக்கும் நாளில் திறந்துகொள்ளலாம். அது எதிர்காலத் தாக்குதலைத் தடுக்காது. ஆனால் போலி விரல் மோசடியை இன்றே தடுக்கும். மகளிர் குழுக் கூட்டங்களில் கடன் தவணையோடு சேர்த்து இதையும் பத்து நிமிடம் சொல்லிக் கொடுக்கலாம்.

நிஸ்ட் தரங்களின் முழுப் பாடமும் இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றைச் செயல்படுத்தும் திறமூல மென்பொருள்களும் கிடைக்கின்றன. தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலும் பைசுஅள்ளியிலுள்ள பெரியார் பல்கலைக்கழக விரிவாக்க மையத்திலும் படிக்கும் மாணவர்கள் ஒரு பருவத் திட்டப்பணியாகவே எம்எல்-டிஎஸ்ஏவை ஒரு மலிவான கருவியில் ஓட்டி, எத்தனை நொடி பிடிக்கிறது, பலவீனமான சிக்னலில் எத்தனை முறை தோற்கிறது என்று அரூர் மலைப்பகுதியில் அளந்து பார்க்கலாம். பெருநகர ஆய்வகங்களில் அந்த அளவீடு கிடைக்காது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி தன் விற்பனையாளரிடம் பேச உட்காரும் நாளில் மேசை மேல் வைக்க வேண்டிய முதல் தாள் அதுவே. 2030-க்கு இன்னும் அதிக ஆண்டுகள் இல்லை. அந்த வேலையை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க முடியும்.